பின் இடது மூலை

ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி
விடிந்தால் பின்பக்கம் குந்தியிருக்கிறது,
எழ மனமில்லாத ஒட்டகம்.
திரையில் அதே வரி: சஸ்பென்ஷன் கோளாறு.
இருபத்திரண்டு வருஷமாக
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லிங்கராஜபுரம் ஷெட்டில்
மூன்று நாள் சோப்பு நுரை தடவினான் செல்வின்.
ஏர் பேகில் குமிழி இல்லை. குழாயில் இல்லை.
உயர சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்து
"இவன் பொய் சொல்லலை" என்றான்.
கம்ப்ரசர் மட்டும்
யார் கடனுக்கோ மூச்சிரைத்தது.

பகலெல்லாம் ஒழுங்காக நிற்கும்.
என் வீட்டு வாசலில்தான் ஒழுகும்.
எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

டிசம்பர். காலை நாலரை.
மங்கி குல்லாயும் டார்ச்சுமாக வந்தவன்
பானெட்டைத் தூக்கி
வால்வு பெட்டியில் பிரஷ்ஷால் நுரை வைத்தான்.
குளிரில் சுருங்கிய ஒரு ஓ-ரிங்,
குழந்தை மோதிரத்தைவிடச் சின்னது,
குமிழியை ஊதியது, உடைத்தது,
மறுபடி ஊதியது.
பால் பாக்கெட் போடுகிறவர்
சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?"
"எட்டு ரூபா."
இரண்டு டன் இரும்பு
இத்தனை நாள் எட்டு ரூபாயிலா நின்றது!

செல்வின் சிரிக்கவில்லை.
"மொத்தம் ஒரு டஜன் இருக்கு சார்.
மிச்சம் பதினொண்ணு
இன்னும் வாயைத் திறக்கலை."