திரும்பி வரக் காசில்லை

பட்டர்வொர்த் படகுத்துறையில்
ஒரு வெள்ளி இருபது காசு.
சில்லறையாகத்தான் வேண்டுமாம்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
நோட்டை வாங்கி நாணயமாய்த் தள்ளிவிட்டுத்
தமிழிலேயே சொன்னாள்:
தீவுக்குப் போகத்தான் காசு,
திரும்பி வரக் காசில்லை.

எழுதிக்கொண்டேன்.
சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில்
பதினாறு வருஷமாய் பில் போடுகிற கை
எதையும் எழுதாமல் விடாது.
அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்குப்
பனிமலையும் அருவியுமாய் அனுப்பிவைத்த கை.

ராத்திரி பஸ் முப்பத்தைந்து (அறை வாடகை மிச்சம்).
ரொட்டி சானாய் இரண்டு, மூன்று வெள்ளி.
குடிதண்ணீர், தண்ணீர்மலைக் கோயில் குழாயில், சும்மா.
கழுத்துவலி கணக்கில் வராது.

சூலியா தெருவில் பெண்கள் அறை, எட்டுப் படுக்கை.
மேல்தட்டு எனக்கு, இரவுக்கு இருபத்திரண்டு.
கீழ்த்தட்டுக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன
ஏழு மாதம் உலகம் சுற்றிய பெல்ஜியத்துக் காலுறைகள்.
என்னைப் பார்த்ததும் அவற்றின் சொந்தக்காரி
அழுக்கு விரிப்பைச் சுருட்டி,
நன்றி சொல்லி, நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
கூடையில் போட்டுவிட்டு வந்து
ஏணியேறி என் இடத்தில் படுத்தபோது
அவள் முகம் சிவந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இல்லை, வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

நாசி கண்டார் கடையில் இன்னொரு மாதிரி.
"எந்தக் கம்பெனிக்கா? எத்தன வருச அக்ரிமெண்டு?"
கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நூகு.
பனைக்குளத்துக்காரன். இங்கே ஒன்பது வருஷம்.
"ஊர் சுத்த வந்தேன்."
"யார் கூட?"
"என் கூடத்தான்."
"காசு?"
"சீட்டு எடுத்தேன்."
அது அவனுக்குப் புரிந்தது.
நாலு குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச்
சோறு முங்க முங்க ஊற்றினான்.
பஞ்சிர் என்பார்கள் இங்கே, வெள்ளம் என்றான்.
முட்டைக்குக் காசு போடவில்லை.
அந்த வரியை எப்படி எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

எங்கே தங்கல் என்றான். சொன்னேன்.
இருபத்திரண்டு ராத்திரிக்கா, மாசத்துக்கா?
கடைக்கு மேலே ஒரே அறையில் அவர்கள் பதினொரு பேர்,
சம்பளத்தில் பிடிப்பது மாதம் எண்பது.
"அப்ப நான் அங்கயே வந்திருக்கலாமே."
கரண்டி கைதவறி மீன்குழம்பில் விழுந்தது.
கல்லாவிலிருந்து ஓர் அதட்டல்.

இலையைத் துடைப்பதுபோல் அருகில் வந்து
தாழ்ந்த குரலில் கேட்டான்:
"கொடிமலை பாத்தாச்சா?"
"நேத்து. நீங்க?"
"போகணும்."
ஒன்பது வருஷமாய்ச் சொல்லித் தேய்ந்த சொல்.
"ரயிலுக்கு முப்பது கேட்டாங்க. நடந்தே ஏறிட்டேன்."
"நடந்தா காசில்லையா?"

நாலு நாளைக்கு வந்தவள்
ஒன்பது வருஷம் இருப்பவனுக்கு
வழி வரைந்து கொடுத்தேன்.
கோயில் தாண்டி, வட்டமாய் ஒரு வாசல்,
அங்கிருந்து ஏற்றம், ஏற்றம், அட்டைகள்,
ஒரு தேநீர்க் கொட்டகை, மறுபடி ஏற்றம்.
கிழித்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்,
தாளின் மறுபக்கம் என் மூன்று நாள் கணக்கு.
போகட்டும்.
அவன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தான்,
கடைசி வரியை வாய்விட்டு:
திரும்பி வரக் காசில்லை.
"எனக்கும் அதே கததான்கா" என்றான்.
அது அப்படியில்லை, படகு இலவசம் என்று
விளக்க வாயெடுத்தேன்.
நாலாவது மேசையில் கூப்பிட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை. அவனுக்கு விடுமுறை நாள்.
படகுத்துறைக் கதவு சும்மா திறந்து கிடந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே
பையின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.
தீவு தெரிந்தது.
மலை இருந்த இடத்தில் மழை.

குடை கொண்டு போகச் சொல்லியிருக்கலாம்.