ஷிப்ட் மாறும் நேரம்

வடக்கு டகோட்டாவில் அக்டோபர்.
லாரி லாரியாய் வந்து கொட்டிய
சர்க்கரை பீட் குன்றின் அடியில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு
பூட்ஸில் பாதி வயலோடு வந்து சேர்ந்தேன்.

லைல் பகல், நான் இரவு.
கட்டில் ஒன்றுதான்.
அவன் சூடு ஆறுமுன் நான் படுத்துவிடுவேன்.
மூன்று வாரமாய் நாங்கள் சந்திப்பது
டிரெய்லரின் இந்த ஒற்றைக் கதவில்.
அவன் இறங்குவான், நான் ஏறுவேன்,
நடுப்படியில் ஒரு முத்தம்.
சில நாள் அதுவும் இல்லை,
"பால் தீர்ந்துபோச்சு" மட்டும்.

இன்றைக்குக் கதவு திறக்கவில்லை.

சாவி சுற்றுகிறது.
கைப்பிடி தாராளமாய் வளைந்து கொடுக்கிறது,
எதற்கும் தலையாட்டிவிட்டு
எதையும் செய்யாத மருமகனைப் போல.
பூட்டின் நாக்கு மட்டும் அசையவில்லை.

"வெளியிலிருந்து இழு, ஆர்டித்."
"இழுக்கிறேன்."
"இன்னும் பலமா."
"இது தகரம், லைல். கையோடு வந்துவிடும்."

வருஷா வருஷம் டெக்சாஸிலிருந்து வரும் யுசேபியோ
பக்கத்து டிரெய்லரிலிருந்து காபியோடு வந்தான்.
சாவித் துளையில் எண்ணெய் அடித்தான்,
உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்,
காதை வைத்துக் கேட்டான்.
"ஸ்பிரிங் போச்சு" என்று
டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு
வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தான்.

அவசர ஜன்னல் ஒன்று உண்டு, சிவப்புக் கைப்பிடியோடு.
போன வாரம்தான் காற்றுக்குப் பயந்து
பிளாஸ்டிக் தாள் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினோம்.
"கிழிச்சிடட்டுமா?"
"கிழிக்கலாம். ஆனால் அந்த ஜன்னல் அளவையும் பார்,
உன் அளவையும் பார்."
உள்ளே கொஞ்ச நேரம் கோபமான மௌனம்.
பிறகு சிரிப்பு.
அவன் சிரித்து நான் கேட்டு
எத்தனை நாள் என்று எண்ணப் போனேன்,
குளிர் எண்ண விடவில்லை.

திருப்புளி பிக்கப்பில் கிடந்தது.
பாத்திரம் கழுவும் தொட்டிமேல் ஜன்னல்
நாலு விரல் அகலம் திறக்கும்.
வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நீட்டினேன்.
ஒரு கை வந்தது, முகம் இல்லாமல்.
கட்டைவிரல் நகம் கன்னங்கரேலென்று இருந்தது.
"இது எப்போ?"
"போன செவ்வாய். கன்வேயர் மூடியில்."
"சொல்லவே இல்லை."
"நீ தூங்கிட்டிருந்தே."

முதல் இரண்டு திருகும் சமர்த்தாய் வந்தன.
மூன்றாவதின் தலை தேய்ந்து வழுக்கியது.
செலரிக் கட்டின் ரப்பர் பேண்டை
நடுவில் வைத்து அழுத்தச் சொன்னேன்.
மூச்சு வாங்கும் சத்தம், உலோகம் முனகும் சத்தம்.
அதற்கு நடுவில்,
திருகைப் பார்த்துக் கேட்பது போல
அவன் கேட்டான்:
"வீட்டை வித்தது தப்போ?"

ரோட்டில் இரண்டு லாரி போயின.

"இடப்பக்கம் திருப்பு," என்றேன்.

தகடு கழன்று விழுந்தது.
கதவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு ஓட்டை,
ஓட்டையில் ஒரு கண், கொஞ்சம் நரைத்த புருவம்.
கண்ணும் கண்ணும் பார்த்தபடி இருந்தோம்,
ஷிப்டுக்கு இருபது நிமிஷம் தாமதமாகியும்.
பிறகு திருப்புளி முனையால்
அவன் நாக்கை உள்ளே இழுத்தான்.
வெந்நீரும் காபியும் கலந்த சூடு முகத்தில் அடிக்க
கதவு தானே வந்தது, ஒன்றுமே நடக்காதது போல.
ஓடினான். முத்தம் என் காதில் பட்டது.

பூட்டு மேசைமேல் பல துண்டாய்க் கிடக்கிறது.
உடைந்தது ஒரே ஒரு ஸ்பிரிங்,
வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவு.
புதுப் பூட்டுக்கு ஐம்பது மைல் போக வேண்டும்,
ஞாயிறுக்கு முன் முடியாது.
ஓட்டையில் அவன் கம்பளிக் காலுறையைத் திணித்துவிட்டு
அவன் விட்டுப்போன சூட்டில் படுத்திருக்கிறேன்.
தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும்.
அவனைப் படியிலேயே நிற்க வைத்து,
கதவைச் சாத்திக்கொண்டு,
காலுறையை எடுத்துவிட்டு.