மெலிவுக்கு எத்தனை வாட்

போன ஜூலை, ரெஜைனாவுக்கு வெளியே
கனோலா வயலோரம் ஒரு கல்யாண வரவேற்பு.
கூடாரம் கிடையாது. மேடை, ஒரு ட்ரெய்லரின் முதுகு.
கோவல்சுக் வீட்டு நிலவறையில்
கண்ணாடி டம்ளர்களை நடுங்கவைத்த
என் நூறு வாட் பெட்டி
அங்கே வாயைத் திறந்தது,
காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது.
திருப்பி அனுப்ப ஒரு சுவர் இல்லை.
சஸ்காட்சுவானில் அடுத்த சுவர் எங்கே என்று யாருக்குத் தெரியும்,
மனிடோபாவாக இருக்கலாம்.

கோவல்சுக்கின் டிரம் கேட்டது.
யதுகுலனின் கிட்டார் தேவைக்கு மேல் கேட்டது.
எனக்கு விரல் மட்டும் ஆடியது.
இடைவேளையில் மணமகளின் மாமா வந்து
மெத்த மரியாதையோடு கேட்டார்:
"அதுக்குக் கரண்ட் குடுத்திருக்கோ, பிள்ளை?"

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
அது சித்திரக்காரருக்குச் சொன்னது என்று
இருந்துவிட்டேன்.

தடித்த கம்பியைத் தட்டினால்
நொடிக்கு நாற்பத்தொரு துடிப்பு.
ஒரு அலை நீட்டி நிமிர்ந்து படுக்க
எட்டு மீட்டர் வேண்டும்;
நிலவறையில் இத்தனை நாளும்
அது முழங்காலை மடக்கித்தான் படுத்திருக்கிறது.

நம் இசையில் கீழ் ஸ்தாயிக்கு மெலிவு என்று பெயர்.
மேலே போனால் வலிவு.
வெட்டவெளியில் கணக்கு தலைகீழ்:
வலிவு தானாகப் போய்ச் சேர்கிறது,
மெலிவுதான் எண்ணூறு வாட் கேட்கிறது.
அதுவும், வாட்டை இரட்டித்தால் மூன்றே டெசிபல்.
என் சம்பள உயர்வு மாதிரி,
தாளில் தெரியும், கையில் தெரியாது.

எட்டு ஸ்பீக்கர் அடுக்கிய பெட்டி ஒன்று பார்த்தேன்.
ஃப்ரிட்ஜ் உயரம், ஃப்ரிட்ஜ் கனம்.
நான் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
இரவு வேலையில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே
இடுப்பு பாதி போயிற்று.
மிச்சப் பாதி எனக்கு வேண்டும்.

"ஜெனரேட்டர் தாங்குமா?" இது கோவல்சுக்.
"நாலு ஓமோ?" இது யதுகுலன்.
"ஓம்" என்றேன்.
"அதான், எத்தனை ஓம்?"

பிப்ரவரி. மூஸ் ஜாவில் ஒரு கராஜ்.
லோர்ன் என்பவர் விற்கிறார்:
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒரே பெட்டியில்;
சோற்றுப் பாத்திரம் அளவில் ஒரு ஆம்ப்.
ஏன் விற்கிறீர்கள் என்றேன்.
மான் இறைச்சிக்கு ஃப்ரீசர் வருகிறதாம், இடம் வேண்டுமாம்.
செருகி ஒரு தட்டுத் தட்டினேன்.
சுத்தியல், ஆணி டப்பா, ஏணி எல்லாம் சேர்ந்து பாடின.
கராஜில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

வெளியே வைத்துக் கேட்கலாமா?
மைனஸ் இருபத்திரண்டு, என்றார்.
தெரியும், என்றேன்.
என்னை ஒரு தரம் பார்த்தார்.
எக்ஸ்டென்ஷன் வயரைத் தேடி எடுத்தார்.

பெட்டியைத் தரையிலேயே வைத்தோம்,
நிலம் கொஞ்சம் கைகொடுக்கும்.
அவர் ஒரு கையுறையைக் கழற்றித்
தடித்த கம்பியை மட்டும் விட்டுவிட்டுத் தட்ட
நான் பின்சந்தில் நடந்தேன்.
இருபது அடி. ஐம்பது.
பனி சத்தத்தைத் தின்னும்.
அதற்காகத்தான் இந்தக் குளிரில் வந்தது:
இங்கே கேட்டால் ஜூலையில் கேட்கும்.
எண்பதாவது அடியில் காது சந்தேகப்பட்டது,
பூட்ஸ் சந்தேகப்படவில்லை.
நூற்றுப் பன்னிரண்டில்
யாரோ வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு நாய் எழுந்து
என்னை விட்டுவிட்டு
சத்தம் வந்த திசையைப் பார்த்தது.

ஐம்பது டாலர் குறைத்தார்.
விரல் மரத்துப்போனதாலும் இருக்கலாம்.

பின் சீட்டில் பேஸ் கிட்டார், மண்வெட்டி, உப்பு மூட்டை.
பெட்டியை முன் சீட்டில் உட்காரவைத்தோம்.
ஊர் எல்லை தாண்டுமுன் கார் கத்தத் தொடங்கியது,
பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையென்று.
ஓரங்கட்டி
போட்டுவிட்டேன்.