படிகள் எங்கே

விடை சரிதான். ஆனாலும் சிவப்பு மையில் பூஜ்ஜியம்.
ஓரத்தில் ஒரு கேள்வி: படிகள் எங்கே, வெனான்சியா?

கணக்கு இது.
லா பாஸிலிருந்து ஒரு பேருந்து, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்.
ஓருரோவிலிருந்து இன்னொன்று, மணிக்கு அறுபத்தைந்து.
இடைத்தூரம் இருநூற்று முப்பது.
இரண்டும் காலை ஆறுக்குக் கிளம்பினால்
எங்கே, எப்போது சந்திக்கும்?

பத்தக்கமாயாவில், எட்டு மணிக்கு என்று எழுதியிருந்தேன்.
பின்னே? பதினோரு வருடமாக
அதில் ஒரு பேருந்தை ஓட்டுகிறவள் நான்.
சூப்புக் கடையில் தெயோஃபிலா
எனக்கென்று மிளகாயைத் தனியே எடுத்துவைக்கும் நேரம் அது.

இராப்பள்ளியில் அதெல்லாம் செல்லாது.
தெரிந்தால் போதாதாம்,
எப்படித் தெரிந்தது என்று தெரிய வேண்டுமாம்.

சரி. பயணிகள் ஏறுகிறார்கள்,
மூட்டைகள், ஒரு மெத்தை, ஒரு தையல் மெஷின்.
ஸ்டியரிங் மேல் நோட்டை விரிக்கிறேன்.

படி ஒன்று.
வழியில் தடை ஏதும் இல்லை எனக் கொள்க.
கொண்டேன்.
எல் ஆல்ட்டோ நெரிசலைத் துடைத்தேன், உறைபனியைத் துடைத்தேன்,
சாலை மறியலை,
கலமார்க்கா வளைவில் தினமும் வாந்தியெடுக்கும் யாரோ ஒரு பிள்ளையை.
இத்தனையும் சேர்த்துத்தான் ஐம்பது என்று
வாத்தியாருக்கு யார் சொல்வது.

படி இரண்டு.
எதிரெதிரே வருவதால் வேகங்களைக் கூட்டுக.
இங்கே பென்சில் நின்றது.
எதிரே வருகிறவன் என் தம்பி எர்மோஹெனஸ்.
அவனுக்கு எப்போதும் அவசரம், அறுபத்தைந்து.
அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து
நாலு வருடமாகப் பேச்சில்லை.
அவனையும் என்னையும் ஒரே வரியில் எழுதி
நடுவில் கூட்டல் குறி போடக் கை வரவில்லை.
போட்டேன். நூற்றுப் பதினைந்து.

படி மூன்று. வகுத்தால் இரண்டு மணி. மீதி இல்லை.
படி நான்கு. இரண்டு ஐம்பது, நூறு.
நூறாவது கிலோமீட்டர்.
அட, கணக்குக்கும் அந்தச் சூப்புக் கடை தெரிந்திருக்கிறது.

ஆகவே, எட்டு மணிக்கு
இரண்டு பேருந்துகளும் சந்திக்கும்.

கதவோரம் அவன் உட்காருவான். அடுப்போரம் நான்.
நடுவில் மூன்று மேசை.

'சந்திக்கும்' மேல் ஒரு கோடு இழுத்து
'கடக்கும்' என்று எழுதினேன்.
மதிப்பெண் குறையலாம்.
கேள்வியில் இருப்பது முதல் சொல்தான்.

மணி ஆறு. ரப்பர் சீட்டுக்கடியில் எங்கோ உருண்டுவிட்டது.
நடத்துநர் கதவை இரண்டு தட்டுத் தட்டுகிறார்.
அடித்த சொல்லும் அடிக்காத சொல்லும்
அப்படியே கிடக்க
கியரைப் போட்டேன்.