இரண்டாம் மனுதாரர்

முப்பத்தாறு மீட்டர்.
நட்டு நாலாவது வருஷம், ஒரு சாண் கூடவில்லை.
வழக்குத்தான் மேலே மேலே போகிறது.

காகிதத்தில் எனக்குப் பெயர் கிடையாது.
இரண்டாம் மனுதாரர்.
முதலாமவன் அப்ராம் வான் வெய்க்.
ஒரு பழைய வண்டி, ஓர் ஏணி,
அப்பிங்டன் வங்கியில் கடன்.
இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.
கென்ஹார்ட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

பெரிய கம்பெனியின் கம்பியை
வாடகைக்கு வாங்கி விற்கலாம்,
சொந்தமாய் ஒரு முழம் இழுக்கக் கூடாது
என்றது பழைய சட்டம்.
இழுக்கலாம் என்றது புதிய சட்டம்.
இழுக்கலாம் என்று எழுதியவர்களே
கூடாது என்று வாதாட வக்கீல் வைத்தார்கள்.
அந்த வக்கீலுக்கும் கூலி கொடுப்பது நாங்கள்தான்,
சோப்புக்கும் டீசலுக்கும் கட்டிய வரியில்.

பிரிட்டோரியாவில் நீதிபதி மூன்றே வரியில் முடித்தார்:
உரிமம் இவர்களுடையது, கொடுத்துவிடுங்கள்.
அன்று அப்ராம் ஓர் ஆட்டை அறுத்தான்.
கொழுப்பு கரியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே
தொலைநகலில் ஊர்ந்து வந்தது அமைச்சகத்தின் தாள்.
கறி வேகுமுன்
தீர்ப்பு ஆறிவிட்டது.

பிறகு,
மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு ஒரு மனு.
அனுமதி மறுத்ததை எதிர்த்து ஒரு மனு.
அந்த மனு தாமதமானதை மன்னிக்க ஒரு மனு.
எங்கள் வக்கீல் டீரோ மொகோசி ஒவ்வொரு முறையும்
தொலைபேசியில் முதலில் இருமுவார்.
அந்த இருமலின் நீளத்தில் தெரிந்துவிடும்
வாய்தா எத்தனை மாதமென்று.

ரோசெல்டா கிளினிக்கில் தாதி.
மருந்து அறைக்குள் சிக்னல் எட்டாது.
தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஏறி நின்று
அப்பிங்டன் ஆய்வகத்தோடு கத்துவாள்,
காற்றில் அவளுடைய பாவாடை படபடக்க:
பெட்ரஸுக்குப் பதினெட்டா? எட்டா?
யார் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று
தெருவுக்கே தெரியும் எங்கள் ஊரில்.
யாருக்கு வேறென்ன நோய் என்பதும்தான்.
தொட்டியிலிருந்து கோபுரம் நன்றாகத் தெரியும்.
எப்போது என்று கேட்டதே இல்லை அவள்.
பார்ப்பாள்.

மின்சாரம் ஏறாத கோபுரத்துக்கு
முதலில் வந்தது ஒரே ஒரு குருவி,
வாயில் ஒரு புல்லோடு.
அப்புறம் அதன் உறவு முழுக்க.
மரமில்லாத நாட்டில் எது நின்றாலும் மரம்.
இந்தக் குருவிகள் தனித்தனிக் கூடு கட்டுவதில்லை.
வைக்கோல் போர் போல ஒரே கூரை,
அதற்குள் அறை அறையாய், நூற்றுக்கும் மேல்.
உரிமம் இல்லை, அலைவரிசை ஏலம் இல்லை,
வலை பின்ன யாரையும் கேட்கவில்லை.
முந்நூறு சந்தாதாரர்கள்,
இரைச்சல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

இந்த அக்டோபரில் டீரோ இருமவில்லை.
அரசு மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுகிறது
என்று ஒரு வரி. காரணம் கிடையாது.
மூன்று வருஷத்தையும் திரும்பப் பெறுமா
என்று கேட்டேன்.
அதற்குத் தனி மனு என்றார்.

வியாழக்கிழமை ஆன்டெனாவோடு வந்த டெக்னீஷியன்
அண்ணாந்து பார்த்து,
ரம்பம் இருக்கா என்றான்.
ஏறிப் போன அப்ராம்
அறைக்குள் விரல் விட்டுப் பார்த்து இறங்கினான்.
குஞ்சு, என்றான். கண் திறக்கவில்லை இன்னும்.

நான் பேனாவை எடுத்தேன்.
மூன்று வருஷத்தில் பழகிய மொழி, தானே வந்தது:
மேற்படி பொருள் தொடர்பாக,
எதிர்மனுதாரர்கள் சுமார் முந்நூறு பேர்
நான்கு வாரக் கால அவகாசம் கோருவதால்...
எழுதிய கையைப் பார்த்தேன்.
அமைச்சகத்தின் கை போலவே இருந்தது.

நாலு வாரம் போதாது என்றான் அப்ராம்.
மழை விழுந்தால் மறுபடி முட்டையிடும்,
மழை நிற்கும்வரை நிறுத்தாது.
மேற்கே பார்த்தோம்.
இரண்டு வருஷமாய் வராத மேகம்.

கீழே, தொட்டிமேல் ரோசெல்டா
எவர் எண்ணையோ கத்திக்கொண்டிருந்தாள்.
நீ சொல், என்றான் முதலாம் மனுதாரர்.
நீ சொல், என்றேன்.