விளிம்போரம் ஒரு துளை

அல்மாட்டியில் வெளியே பனி கொட்டுகிறது.
வெப்பக்குழாய் முனகும் அறைக்குள்
காம்ஷாத் ஒரு செதிலைச் சுழல்மேடையில் வைக்கிறாள்.
கட்டைவிரல் அகலம், வெண்கலம், பச்சை பூத்தது.
நூற்றெண்பது படங்கள்.
அடுத்தது.
இது இருநூற்றுப் பதினேழாவது.

தோலும் நூலும் மண்ணோடு போயின.
செதிலின் முதுகில் மட்டும்
உலோகம் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில்
நகக்கண் அளவு கம்பளி.
செம்பின் நஞ்சு புழுவை அண்டவிடவில்லை.
சட்டையில் மிஞ்சியது அவ்வளவுதான்.
மீதியை மென்பொருள் நெய்யும்,
முறுக்கு இடமா வலமா என்று
அவளைக் கேட்டுக் கேட்டு.

மூன்றாம் வாரம் திரையில் ஒருவன் எழுந்து நின்றான்.
முகமில்லாதவன்.
மென்பொருளோடு இலவசமாக வந்த உடம்பு,
ஆறடி, வயிறென்பதே இல்லை.
கவசத்தை மாட்டி நடக்கவிட்டார்கள்.
இரண்டே எட்டு.
கீழ்வரிசை தொடைக்குள் புகுந்து
மறுபக்கம் வந்தது.
ரத்தம் வரவில்லை, பிழை எண் வந்தது.

"பிணத்துக்குப் போட்டது,
உயிரோடு யாரும் உடுத்தியதில்லை" என்றார் எசிர்கெப்.
கட்டுரைக்கு அது போதும்.
காம்ஷாத்துக்குப் போதவில்லை.

இடப்பக்கத்து இடுப்புச் செதிலைப் பெரிதாக்கினாள்.
கயிறு இழுத்து இழுத்துப்
பழைய துளை நீண்டிருந்தது.
அதைத் தாண்டி, விளிம்போரம்,
அவசரத்தில் குத்திய இன்னொன்று. கோணல்.
எவனோ மூச்சை எக்கிப் பிடித்திருக்கிறான்.
எவனோ எதிரே மண்டியிட்டுப்
"போதுமா?" என்றிருக்கிறான்.

அவள் அந்த உடம்புக்கு வயிறு கொடுத்தாள்,
முதலில் நான்கு விரல், பிறகு ஆறு.
உயரத்தில் ஒரு சாண் குறைத்தாள்.
முழங்காலை மடக்கினாள்.
குதிரை செய்ய நேரமில்லை,
குதிரை அகலத்தில் ஒரு பீப்பாயை அடியில் தள்ளினாள்.

மீன் கூட்டம் திரும்புவதுபோல்
ஒரே அசைவில்
செதில்கள் சரிந்து தொடைமேல் படிந்தன.
பிழை இல்லை.
நடப்பதற்கென்று தைத்ததே இல்லை அது.

இரவு பத்து மணி.
எசிர்கெப்பை அழைக்க எடுத்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
பீப்பாய்மேல் தொப்பையோடு அவன்,
பசியாறிவிட்டு
எங்கோ கிளம்பப்போகிறவன்போல.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
'போர்வீரன் 3' என்றிருந்ததை அழித்தாள்.
கொஞ்சம் யோசித்து
'நன்றாகச் சாப்பிட்டவன்' என்று அடித்தாள்.