பின்வாசல் கணக்கு

நூல்கிடங்குத் தெருவில் இப்போது பதினேழு கடை.
வண்ணார்பேட்டையிலிருந்து நடந்தே வருகிறார்கள்.
முன்வாசல் உங்களுக்குத் தெரியும்:
மஞ்சள் பல்பு, மூங்கில் நாற்காலி,
பூச்சு உரித்து வேண்டுமென்றே விட்ட செங்கல்,
சுவரில் தொங்கும் ஒரு சைக்கிள்,
யாரும் ஓட்டாதது.

எனக்குத் தெரிந்தது பின்வாசல்.
ராத்திரி பதினொன்றரைக்கு மேல்
லோடு ஆட்டோவை ரிவர்ஸில் விட்டு
ஹாரன் அடிக்காமல் நிற்பேன்.
பொரித்து முடித்த எண்ணெய் எடுக்கிற ஆள்.
லிட்டர் நாற்பது ரூபாய், கையோடு காசு.
எங்கேயோ போய் டீசலாகுமாம்.
எனக்குப் பின்னால் எப்போதும் ரெண்டு நாய்.

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
தேன் மாதிரி வந்தால் கடைக்கு வயசு ஒரு மாசம்,
முதலாளி இன்னும் யூடியூப் பார்த்துச் சமைக்கிறார்.
கட்டஞ்சாயா நிறமென்றால் வியாபாரம் பிடித்துவிட்டது.
தார்போல் இழுத்தால்
வாடகை பாக்கி.

ஆறுமுகநயினார் கடை டின்
அந்த வைகாசியில் பாதிகூட நிறையவில்லை.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
நாலாம் வாரம் போர்டைக் கழற்றினார்கள்.
'கொரியன் சிக்கன்' என்றிருந்ததில்
'கொ' மட்டும் கழலாமல் சுவரிலேயே நின்றது.
அடுத்து வந்தவன் அதை வீணாக்கவில்லை,
பக்கத்தில் எழுதிக்கொண்டான்:
'த்து பரோட்டா'.

கிடங்கு இருந்த காலத்தில்
தெரு நல்லா இருந்துச்சு என்று யாராவது சொன்னால்
நம்பாதீங்க.
எலி இருந்தது. பூட்டு இருந்தது.
ஒரு டீ குடிக்கப் பாலம் தாண்டிப் போகணும்.

சர்பத் கடை ஜெனோவாவிடம் எனக்கு வேலை கிடையாது.
நன்னாரிக்கு ஏது எண்ணெய்?
ஆனாலும் நிற்பேன்.
பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒரு பை தருவாள்,
கை கழுவ.
மோமோ கடையில் சுமன் தமாங்,
டார்ஜிலிங்கிலிருந்து மூணு ரயில் மாறி வந்தவன்,
டின்னை நான் சாய்க்கும்போது சொல்வான்:
"பைய ஊத்துங்க அண்ணாச்சி, தரையில சிந்துனா
என்னயத்தான் ஏசுவாவ."

நஸ்ரின் சி.ஏ.வில் ஒரு குரூப் தேறிய அன்று
"வாப்பா, அந்தத் தெருவுல ஒரு தடவ
முன்பக்கமா போயி உக்காரணும்" என்றாள்.
வெள்ளைச் சட்டை போட்டேன். அத்தர் வைத்தேன்.
கதவைத் தள்ளணுமா இழுக்கணுமா,
ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன்.
மெனு அட்டை கிடையாதாம்.
மேஜையில் ஒட்டிய கட்டத்துக்கு நேரே
போனைக் காட்டணுமாம். அவள் காட்டினாள்.

கருப்பட்டி லாத்தே என்று ஒன்று வந்தது,
நுரைமேல் ஒரு இலை வரைந்து.
கலைக்க மனசில்லாமல் ஓரமாக உறிஞ்சினேன்.
அப்புறம் உருளைக்கிழங்கு, விரல் விரலாக,
மேலே மிளகாய்ப்பொடி.
ஒன்று எடுத்துக் கடித்தேன்.

மூணாம் நாள் எண்ணெய்.
மத்தியானம் இதில் மீன் பொரித்திருக்கிறான்.
நாளை ராத்திரி என் டின்னுக்கு வரும்.

"எப்படி வாப்பா?"
"நல்லாருக்கு" என்றேன்.
இன்னொன்று எடுத்தேன்.
நல்லாத்தான் இருந்தது.

திரையை விலக்கி சுமன் எட்டிப் பார்த்தான்.
வெள்ளைச் சட்டையில் அடையாளம் தெரியவில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சினான்.
அத்தரையும் தாண்டி ஏதோ பிடிபட்டிருக்கணும்.
பல் முழுக்கத் தெரியச் சிரித்தான்.

பில் அறுநூற்று நாற்பது.
பதினாறு லிட்டர் என்றது என் புத்தி.
நஸ்ரின் வேறு கணக்கில் இருந்தாள்,
ஜி.எஸ்.டி.யைச் சரியாகத்தான் போட்டிருக்கிறானா என்று.

வெளியே வந்ததும்
கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பியது.
"அங்க இல்ல வாப்பா, பஸ் இந்தப் பக்கம்."
"தெரியும் ளா, நில்லு."
இருட்டில் குனிந்து டின்னை விரலால் தட்டிப் பார்த்தேன்,
அடியிலிருந்து மேலே மேலே,
சத்தம் மாறுகிற இடம் வரைக்கும்.

முக்கால்.
இந்தக் கடை தைப்பொங்கலைத் தாண்டும்.